ஃபைப்ரோமயால்ஜியா: மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, மற்றதற்கு எவ்வளவு?

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பு முழுக்க மாதக் கணக்கில் வலியும் அசதியும் தரும் நோய். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒரு மருந்தை அங்கீகரித்தது. இந்த நோய்க்கென்று அந்த நாட்டில் 2009க்குப் பிறகு வந்த முதல் புது மருந்து அது. இப்படிப்பட்ட செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸுக்கோ பாயான் லெப்பாஸுக்கோ வந்து சேரும்போது "உடம்பு வலிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று சுருங்கிவிடும். பல ஆண்டுகள் வலியோடு கிடந்தவருக்கு அந்த ஒரு வரி தரும் நம்பிக்கை பெரியது. மூன்று மாதம் கழித்து வரும் ஏமாற்றம் அதைவிடப் பெரியது. அதனால் விஷயத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

அந்த மருந்தின் பெயர் சைக்ளோபென்சாப்ரின். பொருள் பழையதுதான், தசைப் பிடிப்புக்காக 1977 முதல் அமெரிக்காவில் புழங்கி வருகிறது. வடிவம்தான் புதிது. படுக்கப் போகும்போது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் குறைந்த அளவு மாத்திரை. வலிக்கான மருந்தை ஏன் தூங்கப் போகும் நேரத்தில் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் நோயில் பாதி புரிந்துவிடும்.

வலி எங்கே உண்டாகிறது

மருத்துவம் வலியை மூன்று வகையாகப் பார்க்கிறது.

1. திசு அடிபட்டோ வீங்கியோ வரும் வலி. வெட்டுக்காயம், சுளுக்கு, முட்டித் தேய்மானம் எல்லாம் இதில் அடங்கும். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்கும்.

2. நரம்பே பழுதாகி வரும் வலி. சர்க்கரை நோயாளியின் பாதம் இரவில் தீப்பட்டது போல் எரிவது இது.

3. திசுவும் கெடாமல், நரம்பும் அறுபடாமல், வலியைக் கையாளும் மூளையும் தண்டுவடமும் தங்கள் அளவுகோலை மாற்றிக்கொண்டதால் வரும் வலி. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017இல் இதற்கு நோசிபிளாஸ்டிக் வலி என்று பெயர் வைத்தது. ஃபைப்ரோமயால்ஜியா இந்த மூன்றாம் வகை.

கோயில் மைக்செட்டில் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துவிட்டால், மைக் முன்னால் காகிதம் அசைந்தாலும் இடி மாதிரி கேட்கும். காகிதத்தின் மேல் தப்பில்லை. ஆனால் காதில் விழும் சத்தம் பொய்யும் இல்லை. 2002இல் வெளிவந்த மூளைப் படம் எடுக்கும் ஆய்வொன்றில், நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதி அழுத்தத்தில் அமுக்கியபோதே மூளையின் வலிப் பகுதிகள் அதே அளவுக்குத் தூண்டப்பட்டன. இவர்களின் தண்டுவட நீரில், வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேதிப்பொருள் ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதை அதற்கு முன்பே அளந்திருந்தார்கள். "எல்லாம் மனசுதான்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டும் போதும்.

இனி தூக்கம். 1975இல் நலமாக இருந்த சிலரின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் இரவில் திரும்பத் திரும்பக் கலைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் அவர்களுக்கும் தசைவலியும் அசதியும் வந்தன. தூக்கம் கெட்டால் வலி ஏறும், வலி ஏறினால் தூக்கம் கெடும். இந்தச் சுழலை இரவு முனையில் உடைக்கத்தான் அந்த மாத்திரை.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்"

ரத்தத்திலோ எக்ஸ்ரேயிலோ இந்த நோய் தெரியாது. 1990இல் வந்த அளவுகோல்படி, உடம்பில் குறிப்பிட்ட 18 இடங்களை டாக்டர் விரலால் அழுத்துவார். 11 இடங்களில் வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 2010இல் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது பின்பற்றப்படும் 2016 திருத்தத்தின்படி, 19 இடங்களில் எத்தனை வலிக்கின்றன என்று எண்ணுகிறார்கள். அசதி, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, மறதியும் மூளை மந்தமும், இவற்றின் கடுமைக்குத் தனி மதிப்பெண். குறைந்தது 3 மாதம் இப்படி இருக்க வேண்டும். அதே திருத்தம் சொல்லும் இன்னொன்று முக்கியமானது: வேறு நோய் இருப்பதால் இது இல்லை என்றாகிவிடாது. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு நோய்) உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கிறது.

விரலால் அழுத்திப் பார்த்த காலத்தில் இது கிட்டத்தட்டப் பெண்கள் நோய் என்றே எண்ணப்பட்டது. புது அளவுகோலில் ஆண்களும் கணிசமாகத் தெரிகிறார்கள். லாரி ஓட்டும் அண்ணனுக்கும் இது வரலாம்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை எதற்கு? இதைப் போலவே தோற்றம் காட்டும் மற்றவற்றை விலக்க. தைராய்டு குறைவு, ரத்தசோகை, முடக்குவாதம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையால் வரும் தசைவலி, தூக்கத்தில் மூச்சு நின்று போவது ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். நம் ஊரில் இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிக்குன்குன்யா வந்து போனவர்களுக்கு மூட்டு வலி மாதக் கணக்கில் நீளும். மலேசிய இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மற்ற இனத்தவரைவிட அதிகம். பாத எரிச்சலை ஃபைப்ரோமயால்ஜியா என்று விட்டுவிட்டால் கால் பறிபோகும்.

நம்மிடம் சொல் இருக்கிறது, கிளினிக்கில் அது தொலைகிறது

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுவை, உளைச்சல், பிடிப்பு, விறைப்பு, மரத்துப்போதல். தமிழில் வலிக்கு இத்தனை சொல். அரசாங்க கிளினிக்கில் நம் எண்ணைக் கூப்பிட்டு உள்ளே போனதும் இவை அத்தனையும் "சாக்கிட் பாடான்" என்ற இரண்டு மலாய்ச் சொல்லாகிவிடுகின்றன. டாக்டரும் ஐந்து நிமிடத்தில் உடம்பு வலிக்கு உரிய மாத்திரையை எழுதுகிறார். போதாக்குறைக்கு "வாய்வு" என்று நாமும், "ஆங்கின்" என்று மலாய்க்காரர்களும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

இந்தச் சொற்களின் வேறுபாடு மருத்துவத்துக்கு நேரடியாகப் பயன்படும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பும் மூட்டு வீக்கமும் முடக்குவாதத்தைச் சுட்டும். பாதத்தில் மட்டும் எரிச்சலும் மரத்துப்போதலும் என்றால் நரம்பைப் பார்க்கச் சொல்லும். உடம்பு முழுக்க இடம் மாறி மாறிக் குடைச்சலும் உளைச்சலும், தொட்டாலே வலி, எட்டு மணி நேரம் படுத்தும் அடித்துப் போட்டது போன்ற அசதி என்றால் ஃபைப்ரோமயால்ஜியா பக்கம் போகும். அதனால் போவதற்கு முதல் நாள் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து வலிக்கும் இடங்களைக் குறியுங்கள். பக்கத்தில் தமிழிலேயே அந்தச் சொற்களை எழுதுங்கள். மலாயோ ஆங்கிலமோ நன்றாகப் பேசும் மகளோ தம்பியோ கூட வரட்டும். வலி தொடங்கிய மாதம், தூக்கம் எப்படி, இப்போது விழுங்கும் மாத்திரைகள், குடிக்கும் லேகியம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். என் கணிப்பில், சிகிச்சை ஆண்டுக் கணக்கில் தள்ளிப் போவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

முதல் மருந்து: உடம்பை அசைப்பது, ஆனால் அளந்து

ஐரோப்பிய முடக்குவாதவியல் கூட்டமைப்பு 2016இல் எல்லாச் சிகிச்சைகளின் ஆதாரங்களையும் சேர்த்துப் பார்த்தது. அது வலுவாகப் பரிந்துரைத்தது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. மருந்துகள் எல்லாம் அதற்குக் கீழே.

கேட்பவருக்கு இது கோபம் தரும். எழுந்து நடக்கவே முடியவில்லை, பயிற்சியா? கோபம் நியாயமானது. ஏனென்றால் "எக்சர்சைஸ் செய்யுங்கள்" என்று சொல்லும் பலர் எவ்வளவு என்று சொல்வதில்லை. இந்த நோயில் எவ்வளவு என்பதுதான் முழுச் சங்கதி.

செந்தூலில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள். காலையில் அம்மாவுக்கு வலி கொஞ்சம் குறைவு. விட்டால் கிடைக்காது என்று திரைச்சீலையைக் கழற்றி, அலமாரி துடைத்து, முறுக்குக்கு மாவு பிசைந்து, இரவு பதினொரு மணிக்குத்தான் உட்காருகிறார். அடுத்த மூன்று நாள் எழ முடியவில்லை. நான்காம் நாள் கொஞ்சம் தேறியதும் விட்டுப்போன வேலையையும் சேர்த்துப் பிடிக்கிறார். இப்படியே ஓராண்டு போனால் நல்ல நாட்கள் குறைந்துகொண்டே வரும். வேலை என்றாலே வலி என்று நரம்பு மண்டலம் பழகிவிடும். பயந்து முழுக்கப் படுத்துவிட்டாலோ தசை இளைத்து, சின்ன வேலையும் பெரிய வலியாகும். இரண்டுக்கும் நடுவில் நடப்பது இப்படி:

1. ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். மோசமான நாளிலும், மறுநாள் வலி ஏறாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது? 10 நிமிடம் என்றால் 8 நிமிடத்தில் தொடங்குங்கள்.

2. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். நல்ல நாளிலும் அதற்கு மேல் போக வேண்டாம். மோசமான நாளில் பாதியாவது செய்யுங்கள்; அறவே விட வேண்டாம்.

3. வீட்டு வேலையையும் இதே கடிகாரத்தில் வெட்டுங்கள். இன்று ஒரு சன்னல், நாளை ஒரு சன்னல். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்வது சோம்பலில் சேராது.

4. போய்ச் சேர வேண்டிய இடம்: வாரத்தில் 2 அல்லது 3 முறை, 20 முதல் 30 நிமிட நடை, தாங்கும்போது இலேசான எடைப் பயிற்சி. முதல் சில வாரம் வலி சற்று ஏறலாம். அது உடம்பு கெடுவதன் அடையாளம் இல்லை. பலன் தெரிய இரண்டு மாதமாவது கொடுங்கள்.

நம் வெயிலுக்கு எட்டு மணிக்கு முன் தித்திவங்சா ஏரியையோ பினாங்கு தண்ணீர்மலைப் பூங்காவையோ சுற்றலாம். மழைக் காலத்தில் மால் உள்ளேயே நடக்கலாம். தண்ணீரில் செய்யும் பயிற்சி மூட்டுக்கு இதமானது. காலையில் பூங்காக்களில் சீன முதியவர்கள் கூட்டமாகச் செய்யும் தை ச்சியை நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு கடந்து போகிறோம். 226 நோயாளிகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், தை ச்சி மற்ற ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ பலன் தந்தது. கூச்சப்படாமல் பின்வரிசையில் போய் நிற்கலாம்.

தைப்பூசத்துக்கும் இதே கணக்குத்தான். பத்துமலையில் 272 படி. தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேல். முருகனுக்கு வேண்டிக்கொண்டவர் ஏறட்டும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பே அடுக்குமாடிப் படிக்கட்டில் பழகி, கூட்டமில்லாத நாளில், இடையிடையே உட்கார்ந்து ஏறட்டும். மறுநாளை ஓய்வுக்கு ஒதுக்கி வைக்கட்டும்.

மருந்து எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

வலிச் செய்தியை அடக்கும் பிரேக் ஒன்று மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அது செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்களால் ஓடுவது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்த பிரேக்கைப் பலப்படுத்துவதால்தான் இங்கும் எழுதப்படுகின்றன. மருந்துச் சீட்டைப் பார்த்து "எனக்குப் பைத்தியமா?" என்று மனம் நொந்து தூக்கி எறிய வேண்டாம்.

அமிட்ரிப்டிலின்: இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள், மனச்சோர்வுக்குக் கொடுப்பதில் இது சிறு பங்கு. தூக்கத்துக்கு நல்லது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் மந்தம் இருக்கும். இதயத் துடிப்புக் கோளாறோ கண் அழுத்த நோயோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டுலோக்செட்டின்: வழக்கமாக நாளைக்கு 30, பிறகு 60 மில்லிகிராம். முதல் இரண்டு வாரம் குமட்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். படிப்படியாகத்தான் விட வேண்டும்.

பிரகாபலின்: வலிச் செய்தியின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. தலைசுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைத்தே தர வேண்டும். சர்க்கரை நோயோடு இதையும் விழுங்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது முக்கியம்.

பலன் எவ்வளவு? டுலோக்செட்டினையும் பிரகாபலினையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வலி பாதியாகக் குறைந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்த குழுவைவிடப் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் அதிகம். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். அதனால் முயன்று பார்ப்பது சரி. மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி விட்டுவிடுவதும் சரி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இவ்வகை நீண்டகால வலிக்கு பிரகாபலினே வேண்டாம் என்கிறது. நிபுணர்களிடமே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

தவிர்க்க வேண்டியவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் வீக்கத்துக்கு உரியவை. இங்கே வீக்கம் இல்லை. மாதக் கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் புண்படும். மார்ஃபின் வகை கடும் வலிநிவாரணிகள் நாளடைவில் வலியுணர்வையே கூட்டக்கூடும். ஸ்டீராய்டுக்கும் இந்த நோயில் இடமில்லை.

ஸ்டீராய்டு நம்மூரில் வேறு வேடத்தில் வரும். "இரண்டு நாளில் கேட்கும்" என்று இரவுச் சந்தையிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கும் மூட்டு வலி ஜாமுக்களில் (மூலிகை மருந்துகளில்), லேபிளில் சொல்லாமல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது உண்மையிலேயே இரண்டு நாளில் கேட்கும், அதுதான் ஆபத்து. பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராமும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். ஏற்கனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் தானாக நிறுத்தாமல் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

உருவி விடுவது, அக்குபங்சர் இரண்டும் சிலருக்கு இதம் தரும். பினாங்கு கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007 முதலே பாரம்பரிய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எலும்பு நோக அழுத்தும் கை மட்டும் இந்த நோய்க்கு ஆகாது.

எங்கே போவது, வேலையை என்ன செய்வது

தொடக்கம் வீட்டருகே உள்ள அரசாங்க கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கி முடக்குவாத நிபுணரிடமோ வலி சிகிச்சைப் பிரிவிலோ காட்டலாம். செலாயாங் மருத்துவமனையின் வலிப் பிரிவு 2002இல் "மெனாங்" என்ற இரண்டு வாரப் பயிற்சியைத் தொடங்கியது. மலாயில் வெற்றி என்று பொருள். டாக்டர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் மூவரும் சேர்ந்து, வலியோடு இயங்கக் கற்றுக்கொடுப்பது அது. பலன் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட வகுப்பு எங்கே நடக்கிறது என்று உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள்; கேட்காமல் கிடைப்பது அரிது.

வேலையில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) மட்டும் போதாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி மருத்துவ விடுப்பு, வேலைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். ஒவ்வொரு மாதமும் ஏறி இறங்கும் நோய்க்கு இது ஜூலைக்குள் தீர்ந்துவிடும். அதைவிடப் பயனுள்ளது 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 60பி (60P) பிரிவு. வேலை நேரத்தையோ இடத்தையோ நாட்களையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வாரம் மாற்றி வாரம் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு, ஷிப்ட் மாறாமல் ஒரே நேரத்தில் வேலை கிடைப்பது எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல. ஆழ்ந்த தூக்கம் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் அதற்கென்று ஒரு கடிதம் கேட்டு வாங்கி இணைக்கவும்.

ஆண்டுகள் போகப் போக

இந்த நோய் மூட்டைச் சிதைப்பதில்லை, நடையைப் பறிப்பதில்லை. முழுக்கப் போய்விடும் என்ற வாக்குறுதியும் யாரும் தர முடியாது. வலி ஏறும் வாரங்கள் வரும். அந்த வாரத்துக்கான திட்டத்தை நல்ல வாரத்திலேயே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்: யார் சமைப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எத்தனை நிமிடம் நடப்பது, எந்த மாத்திரையைக் கூட்டக் கூடாது. மாலை ஐந்துக்கு மேல் தே தாரேக் வேண்டாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

வீட்டார் அந்தத் தாளைப் படிக்க வேண்டும். வெளியே காயமில்லாத வலிக்குச் சாட்சி கிடையாது. "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்" என்ற ஒரு பேச்சு, மருமகளை அடுத்த நல்ல நாளில் அளவுக்கு மீறி உழைக்கத் தள்ளிவிடும். மனச்சோர்வும் இவர்களுக்கு அடிக்கடி சேர்ந்து வரும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒருமுறை எழுதிவிட்டால் வரும் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டும் பழக்கம் வந்துவிடும். மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்குவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கை காலில் பலம் போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, நெஞ்சு வலி, இவை புதிதாக வந்தால் புதிதாகவே பரிசோதிக்க வேண்டும்.

இனி அந்த நாக்கடி மாத்திரை. அது அங்கீகாரம் பெற உதவிய சோதனைகள் ஒவ்வொன்றும் 14 வாரம் நடந்தவை. மலேசியாவில் எந்த மருந்தும் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமையில் பதிவானால்தான் விற்க முடியும். இணையத்தில் "அமெரிக்க மருந்து" என்று வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். டாக்டர் அதையோ வேறொன்றையோ எழுதும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: இது வலிக்கா தூக்கத்துக்கா? என் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? பலன் இல்லையென்றால் எந்தத் தேதியில், எப்படி நிறுத்துவது? பதிலை அந்தத் தாளிலேயே, நடந்த நிமிடங்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.